விகார் என்ற பட்டத்தைப் பிழையின்றிப் படிப்பது எப்படி

பிரெஞ்சுப் பங்கு (ஓர் ஆலயத்தைச் சார்ந்த இறைமக்களின் வட்டாரம்) ஒன்றின் பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் ‘விகேர்’ என்று ஒப்பமிட்டிருப்பவர் பெரும்பாலும் அந்தப் பங்கின் உதவிக் குரு. அதே சொல்லின் ஆங்கில வடிவத்தைப் பட்டமாகக் கொண்டு இங்கிலாந்துச் சிற்றூர் ஆலயம் ஒன்றில் பணியாற்றுபவர் அந்த ஆலயத்தின் முழுப் பொறுப்பாளர். ஜெர்மனியின் புரட்டஸ்தாந்துத் திருச்சபைகளில் அப்பெயரைத் தாங்குபவரோ இன்னும் குருப்பட்டம் பெறாத பயிற்சியாளர். திருத்தந்தைக்கும் ‘கிறிஸ்துவின் விகார்’ என்ற பட்டம் பல நூற்றாண்டுகளாக வழங்கிவருகிறது. பயிற்சியாளர் தொடங்கித் திருத்தந்தை வரை ஒரே சொல் பரவிக் கிடப்பதால், அகராதியைத் திறந்து ‘குரு’ என்றோ ‘போதகர்’ என்றோ ஒரு சொல்லை எடுத்து வைத்துவிடுபவர் எங்காவது தவறிவிடுகிறார். முன்னோரைத் தேடிப் பதிவேடு படிப்பவர், மொழிபெயர்ப்பாளர், ஆலய அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுபவர் ஆகிய மூவருக்குமே இந்தப் பட்டத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குரிய வழி ஒரே கேள்வியில் அடங்குகிறது: இவர் யாருடைய இடத்தில் நிற்கிறார்? இலத்தீனில் ‘விக்காரியுஸ்’ என்றால் பதிலாள், பிறருக்குப் பகரமாகச் செயல்படுபவர் என்று பொருள். (தமிழில் வழங்கும் ‘விகாரம்’ என்ற வடசொல்லோடு இதற்கு உள்ளது ஒலி ஒற்றுமை மட்டுமே.) சொல் திருச்சபையில் பிறந்ததும் அன்று. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோக்கிளேசியன் உரோமைப் பேரரசின் மாகாணங்களைத் தொகுத்து ‘தியோசிஸ்’ என்ற பெரும்பிரிவுகளாக்கியபோது, அவற்றை ஆளும் அதிகாரிகள் விக்காரியுஸ் என்று அழைக்கப்பட்டார்கள். அவர்கள் தமக்கு மேலிருந்த பெருந்தலைவர்களின் பெயரால் ஆண்டார்கள். ஆயரின் ஆட்சிப் பரப்புக்கும் ஆயரின் பதிலாளுக்கும் திருச்சபை இன்று வழங்கும் பெயர்கள் இரண்டும் இவ்வாறு அரசு அலுவலகத்திலிருந்து வந்தவையே. ஆகவே விகார் என்பது புனிதத்தின் அளவையோ கல்வியின் தரத்தையோ குறிக்கும் பட்டம் அன்று. அது ஓர் உறவைக் குறிக்கிறது. யாருக்குப் பதிலாள் என்பது தெரியாதவரை, அந்தப் பட்டம் நமக்கு எதையும் சொல்லியதாகாது.

முதலில் திருச்சபையையும் மொழியையும் அடையாளம் காண்க

கையில் உள்ள ஆவணமோ செய்தியோ எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது, எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற இரண்டையும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைத் தவறவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும் என்பதற்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் சான்று. பிரெஞ்சுக் கத்தோலிக்க வழக்கில் ‘க்யூரே’ என்பவர் பங்குத்தந்தை, ‘விகேர்’ என்பவர் அவருக்கு உதவி. இங்கிலாந்துத் திருச்சபையில் ‘விகார்’ தலைமைக் குரு, ‘க்யூரேட்’ அவருக்கு உதவி. ஒரே இணைச் சொற்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது இடம் மாறிக்கொள்கின்றன. பிரெஞ்சுக் கதையை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குபவர்கள் இந்த இடத்தில் பங்குத்தந்தையை உதவிக் குருவின் இருக்கையில் அமர வைத்துவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழை.

லுத்தரன் திருச்சபைகளில் வேறொரு பொருள். ஜெர்மனியில் இறையியல் படிப்பின் முதல் தேர்வை முடித்தவர், மூத்த போதகர் ஒருவரின் கண்காணிப்பில் மறையுரை, கல்வி, நோயாளர் சந்திப்பு ஆகியவற்றைப் பழகும் காலமே விக்காரியம் எனப்படுகிறது. குருப்பட்டம் அதற்குப் பின்னரே. அமெரிக்காவின் மிசூரி சினட் லுத்தரன் திருச்சபையில் குருமட மாணவர் சபையொன்றில் செலவிடும் பயிற்சி ஆண்டுக்கு ‘விகரேஜ்’ என்று பெயர். இங்கிலாந்தில் அதே சொல் விகார் குடியிருக்கும் வீட்டைக் குறிக்கும். ஆக ‘அவர் விகரேஜில் இருக்கிறார்’ என்ற வாக்கியம், எழுதியவரின் திருச்சபை எது என்று தெரியும்வரை, மொழிபெயர்க்கத் தகுதியற்றது.

அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் வேறுபாடு தெளிவானது. தன் செலவைத் தானே தாங்கும் பங்கின் தலைவர் ‘ரெக்டர்’. மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் ஆட்சிப் பரப்பின்) உதவியோடு நடக்கும் மறைபரப்புச் சபையை ஆயரின் பெயரால் நடத்துபவர் விகார். நம் கேள்விக்கு இத்தனை நேரடியான விடை தருவது இத்திருச்சபைதான். சீரோ மலபார் திருச்சபையிலோ பங்கின் தலைமைக் குருவையே விகாரி என்று அழைக்கிறார்கள். அவருக்கு உதவுபவர் உதவி விகாரி.

கத்தோலிக்கத் திருச்சபையில்: யாரிடம் எதற்குப் போவது

விகார் என்ற சொல்லை மிகுந்த ஒழுங்கோடு பயன்படுத்துவது கத்தோலிக்கத் திருச்சபையே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் பலவகை விகார்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் யாருக்குப் பதிலாள், அதிகாரம் எங்கிருந்து வருகிறது, எப்போது முடிகிறது என்பதெல்லாம் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன.

அடிமட்டத்தில் இருப்பவர் பங்கு விகார், அதாவது உதவிப் பங்குத்தந்தை. அவர் பங்குத்தந்தையின் உடன் உழைப்பாளர். அவருடைய அதிகாரத்தின் கீழ்ப் பணியாற்றுபவர். பங்குத்தந்தையின் பணிகள் அனைத்திலும் உதவ அவர் கடமைப்பட்டவர். ஆனால் ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஞாயிறுதோறும் தம் பங்கு மக்களுக்காகத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கும் கடமை பங்குத்தந்தையை மட்டுமே சாரும். சிறிய செய்திதான், ஆயினும் தலைவருக்கும் பதிலாளுக்கும் இடையிலான கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் விதியை நான் கண்டதில்லை. வேலை முழுவதையும் பகிர்ந்துகொள்ளலாம். மக்களுக்குப் பொறுப்பானவர் என்ற நிலையைப் பகிர்ந்துகொள்ள முடியாது.

திருமணத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தம் பங்கின் எல்லைக்குள் திருமணத்தை முன்னின்று நடத்தும் அதிகாரம் பங்குத்தந்தைக்குப் பதவியாலேயே உண்டு. உதவிப் பங்குத்தந்தைக்கு அது பதவியால் வருவதில்லை. ஆயரோ பங்குத்தந்தையோ அவருக்கு அதை அளிக்க வேண்டும். எல்லாத் திருமணங்களுக்கும் பொதுவாக அளிப்பதானால் எழுத்தில் அளிக்க வேண்டும் என்று சட்ட எண் 1111 சொல்கிறது. பெரும்பாலும் நியமனக் கடிதத்திலேயே அது இடம்பெற்றுவிடும். குடும்ப நண்பரான வெளியூர்க் குருவை அழைத்து வந்து திருமணத்தை நடத்த விரும்பினால், அந்தத் திருமணத்துக்கென்று அவருக்கு அனுமதி பெறப்பட்டதா என்பதைப் பங்கு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. அதிகாரம் இல்லாதவர் முன்னின்ற திருமணத்தின் செல்லுபடியே பின்னர்க் கேள்விக்கு உள்ளாகலாம்.

பங்குக்கு மேல் மறைவட்டம். பல பங்குகளை உள்ளடக்கிய மறைவட்டத்தின் முதல்வரைச் சட்டம் ‘விகார் ஃபொரேன்’ என்கிறது. பங்குப் பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்படுகின்றனவா என்று பார்ப்பதும், நோயுற்ற பங்குத்தந்தைக்கு உதவி கிடைக்கச் செய்வதும், பங்குத்தந்தை இறந்துவிட்டால் ஏடுகளும் ஆலயப் பொருள்களும் கைமாறி மறைந்துவிடாமல் காப்பதும் அவருடைய கடமைகள். பழைய பதிவேட்டுப் பக்கங்களின் ஓரத்தில் வேறொருவர் பார்வையிட்டு இட்ட கையொப்பம் காணப்பட்டால், அது இத்தகைய மேற்பார்வையாளருடையதாக இருக்கலாம்.

அடுத்தவர் விகார் ஜெனரல். தமிழில் இவரை முதன்மை குரு என்றும், குருகுல முதல்வர் என்றும், குருமுதல்வர் என்றும் அழைக்கிறார்கள். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஆயர் ஒருவரையாவது இப்பதவிக்கு நியமித்தே ஆகவேண்டும். அவர் முப்பது வயதுக்குக் குறையாத குருவாக இருக்க வேண்டும். திருச்சபைச் சட்டத்திலோ இறையியலிலோ உயர்பட்டமோ உண்மையான புலமையோ பெற்றிருக்க வேண்டும். ஆயருக்கு நான்காம் படிநிலைவரை இரத்த உறவினராக இருக்கக் கூடாது. மறைமாவட்டம் முழுவதிலும் நிர்வாக அதிகாரம் அவருக்கு உண்டு, ஆயர் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டவை நீங்கலாக. குறிப்பிட்ட பகுதிக்கோ, துறைக்கோ, மக்கள் பிரிவினருக்கோ மட்டும் அதே அதிகாரத்தைப் பெற்றவர் ஆயரக விகார். உலகின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாகத் தோன்றிய பதவி இது. கிழக்குக் கத்தோலிக்கத் திருச்சபைகளின் 1990ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இவ்விருவரும் முறையே புரோட்டோசிஞ்செல்லுஸ், சிஞ்செல்லுஸ் என்ற கிரேக்கப் பெயர்களில் வருகிறார்கள்.

அனுமதி கேட்டுப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்று சட்ட எண் 65இல் உள்ளது. முதன்மை குரு மறுத்த சலுகையை ஆயரிடம் கேட்கலாம். ஆனால் ஏற்கனவே மறுக்கப்பட்டதைச் சொல்லியாக வேண்டும். மறைத்துப் பெற்றால் அந்தச் சலுகை செல்லாது. ஆயர் மறுத்ததையோ, உண்மையைச் சொல்லிக் கேட்டாலும்கூட, ஆயரின் இசைவு இல்லாமல் முதன்மை குருவால் செல்லும்படியாகத் தர இயலாது. ஒரு வாசலில் கிடைக்காததை அடுத்த வாசலில் வாங்கிவிடலாம் என்று முயல்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். ஆனால் இரண்டு வாசல்களும் ஒரே வீட்டுக்கு உரியவை என்பதை நினைவில் வைத்தால் வியப்பு இராது.

பதவி எப்போது முடிகிறது என்று பார்ப்பதும் பட்டத்தைப் படிக்கும் வழியே. ஆயர் இறந்தாலோ, மாற்றலாகிப் போனாலோ, அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டாலோ, முதன்மை குருவின் அதிகாரமும் ஆயரக விகார்களின் அதிகாரமும் அப்போதே முடிந்துவிடுகின்றன. நிற்பதற்கு இடம் தந்தவர் இல்லாதபோது பதிலாளும் இல்லை. அவர் துணை ஆயராகவும் இருந்தால் மட்டும், புதிய ஆயர் பொறுப்பேற்கும்வரை அந்த அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்திருப்பார். நீதித்துறை விகாரின் நிலை வேறு. திருமணச் செல்லாமை முதலிய வழக்குகளில் ஆயரின் பெயரால் தீர்ப்பளிக்கும் அவருடைய பதவி, ஆயர் இல்லாத காலத்திலும் நீடிக்கும். நடுவில் இருக்கும் வழக்காளிகளைத் தவிக்கவிட முடியாது என்பது இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஒரு வழக்கு வழக்கமான முறையில் செல்ல வேண்டுமா, ஆயரே தீர்ப்பளிக்கும் குறுகிய முறையில் செல்ல வேண்டுமா என்று முடிவு செய்வதும் இவரே. ஆகவே திருமண வழக்கு தொடர்பான கடிதத்தை முதன்மை குருவுக்கு அன்றி இவருக்கே அனுப்ப வேண்டும்.

உரோமை மறைமாவட்டத்துக்கு ஆயர் திருத்தந்தையே என்பதால், அதன் அன்றாட ஆட்சியை அவர் பெயரால் நடத்த கர்தினால் விகார் ஒருவர் இருக்கிறார். திருத்தந்தை இறந்த பின்னும் இவருடைய பதவி முடிவதில்லை. மேற்சொன்ன விதிக்கு இது மற்றொரு விலக்கு. திருத்தந்தைக்கே பதிலாளாகத் தொலைநிலங்களுக்கு அனுப்பப்படுபவர் அப்போஸ்தலிக்க விகார். மறைமாவட்டமாக இன்னும் நிறுவப்படாத பகுதியை இவர் ஆள்கிறார். பெரும்பாலும் ஆயர்நிலை பெற்றவர். இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களுக்கு 1623 முதல், 1850இல் மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்படும்வரை, அப்போஸ்தலிக்க விகார்கள்தாம் தலைவர்கள். அரேபியத் தீபகற்பத்தில் பணிபுரியும் கத்தோலிக்கர்கள் இன்றும் வட அரேபியா, தென் அரேபியா என்ற இரண்டு அப்போஸ்தலிக்க விகாரியங்களின் கீழ் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே கிறிஸ்துவின் விகார் என்ற பட்டம். தொடக்கத்தில் உரோமை ஆயர்கள் தம்மைப் பேதுருவின் விகார் என்று அழைத்துக்கொள்வதே பெருவழக்கு. 1198 முதல் 1216 வரை திருத்தந்தையாக இருந்த மூன்றாம் இன்னொசெந்து ‘கிறிஸ்துவின் விகார்’ என்பதை வலியுறுத்தினார். ஆயினும் இது திருத்தந்தைக்கு மட்டுமே உரியது என்று எழுதிவிடக் கூடாது: 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, ஆயர்களையும் கிறிஸ்துவின் விகார்கள் என்றே அழைக்கிறது, அவர்களைத் திருத்தந்தையின் விகார்கள் என்று கருதலாகாது என்றும் சொல்கிறது. ஆயருக்கும் அப்போஸ்தலிக்க விகாருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. வத்திக்கான் ஆண்டுதோறும் வெளியிடும் பாப்பிறை ஆண்டேட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பட்டம் வரலாற்றுப் பட்டங்களின் வரிசையில் அச்சிடப்பட்டபோது சிலர் கலங்கினார்கள். பட்டம் கைவிடப்பட்டதாக அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் விகார்: பதிலாள் தலைவரான கதை

ஆங்கிலப் புதினங்களில் நாம் சந்திக்கும் விகாரிடம் போய், நீங்கள் யாருக்குப் பதிலாள் என்று கேட்டால் அவர் சற்றுத் தடுமாறுவார். விடை தசமபாகத்தில் இருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பகுதியைப் பங்கின் தலைமைக் குருவுக்குச் செலுத்துவது இடைக்கால வழக்கம். அதற்கு உரியவர் ‘ரெக்டர்’. காலப்போக்கில் பல பங்குகளின் வருமானத்தை மடங்கள் தமதாக்கிக்கொண்டன. மடமே ரெக்டர் ஆகிவிட்டது. ஆனால் மடம் போய்த் திருமுழுக்குக் கொடுக்க முடியாதே. தன் இடத்தில் ஒரு குருவை அமர்த்தியது. அவரே விகார். மடங்கள் கிடைத்த கூலிக்கு யாரையாவது வைத்துக் காலந்தள்ளுவதைக் கண்ட நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், 1215இல், தகுதியான நிலையான விகாரை நியமித்து அவருக்குப் போதிய வருவாயை ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. இடத்துக்கு இடம் ஏற்பாடு மாறினாலும், தானியமும் வைக்கோலும் சார்ந்த பெருந்தசமபாகம் ரெக்டருக்கும், கம்பளி, குட்டிகள், தோட்ட விளைவு போன்ற சிறுதசமபாகம் விகாருக்கும் என்பதே பொதுப் பங்கீடு.

எட்டாம் ஹென்றி 1536க்கும் 1541க்கும் இடையே மடங்களைக் கலைத்தபோது, அவற்றின் பெருந்தசமபாக உரிமை அரசின் கைக்கு வந்து, பின்னர்ப் பொதுநிலையினர் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. குருத்துவமே இல்லாத நிலக்கிழார்கள் ரெக்டர்கள் ஆனார்கள். விகார் இருந்த இடத்திலேயே இருந்தார். வருமானத்தோடு ஒரு சுமையும் சேர்ந்து சென்றது: ஆலயத்தின் பீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு ரெக்டருடையது. நிலத்தோடு ஒட்டி வந்த அந்தப் பொறுப்பு இன்றும் செல்லும் என்று 2003இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

தசமபாகம் 1836இல் பணமாக மாற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்த கட்டணமும் 1936இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ஆண்டூதியம் பெற்றுப் புதிய பங்குகளில் பணியாற்றிய நிலைக்குருக்களும் விகார் என்று அழைக்கப்பட 1868இன் சட்டம் வழிவிட்டது. அன்று முதல் இங்கிலாந்து விகார்களில் பலருக்கு மேலே எந்த மடமும் ரெக்டரும் இருந்ததே இல்லை. ரெக்டர் என்ற பெயரோ விகார் என்ற பெயரோ, இன்று அந்தப் பங்கின் பழங்கதையைத்தான் சொல்கிறது. பணியில் வேறுபாடு இல்லை. கூட்டுப் பணிக்குழுக்களில் மட்டும் ‘டீம் ரெக்டர்’ தலைவராகவும் ‘டீம் விகார்’ உடன் பணியாளராகவும் இருப்பதால், பழைய படிநிலையின் சாயல் அங்கே தெரிகிறது.

அப்படியானால் நம் கேள்வி இங்கே பயனற்றதா? இல்லை என்றே நினைக்கிறேன். பங்குக்குக் குருவை முன்மொழியும் உரிமை பெற்ற புரவலர் ஒருவரைப் பரிந்துரைக்க, ஆயர் அவரைப் பதவியில் நிறுவும்போது, ஆன்மப் பராமரிப்பு என்ற பொறுப்பை ‘உம்முடையதும் என்னுடையதுமான’ ஒன்றாகவே ஒப்படைக்கிறார். பின்பு தலைமைத் திருத்தொண்டர் அவரை ஆலயத்துக்குள் அழைத்துச் சென்று உரிமையை ஒப்படைக்க, புதியவர் மணியை ஒலித்துத் தம் வருகையை அறிவிக்கிறார். மடத்துக்குப் பதிலாளாக இருந்தவர் ஆயரோடு பொறுப்பைப் பகிர்பவராகிவிட்டார்.

இங்கிலாந்துத் திருச்சபையில் விகார் ஜெனரல் என்ற பட்டத்தைக் கண்டால் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே அவர் பெரும்பாலும் சட்ட வல்லுநர். 1535இல் எட்டாம் ஹென்றி இப்பட்டத்தைத் தந்த தாமஸ் கிராம்வெல் குருவே அல்லர். பேராலயங்களில் ‘விகார் கோரல்’ என்பவர்கள், வழிபாட்டுக்கு வராத கேனன்களுக்குப் (பேராலயக் குழுவின் குருக்களுக்குப்) பகரமாகப் பாடியவர்கள். 1348இல் தொடங்கிய அவர்களுடைய குழுமம் ஒன்றின் குடியிருப்புத் தெரு வெல்ஸ் நகரில் இன்றும் மக்கள் வாழும் தெருவாக இருக்கிறது.

தமிழில் எழுதும்போது

பங்கின் உதவிக் குருவைக் குறித்தால் உதவிப் பங்குத்தந்தை என்றும், கத்தோலிக்க விகார் ஜெனரலானால் முதன்மை குரு என்றும், இங்கிலாந்துத் திருச்சபையானால் பங்குக் குரு என்றும், லுத்தரன் பயிற்சியாளரானால் பயிற்சிப் போதகர் என்றும் எழுதுவது தெளிவு தரும். வரலாற்று நூலில் தசமபாகம், மடம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் இடத்தில் விகார் என்றே வைத்து, முதல் முறை வரும்போது ஒரு தொடரில் விளக்கிவிடலாம். ‘ஆயரின் விகார்’ என்று எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் ஆயர் என்று சொல்லும் பதவியையே புரட்டஸ்தாந்துச் சபைகள் பல பேராயர் என்கின்றன; அவர்களுள் சிலருக்கு ஆயர் என்றால் சபைப் போதகர். கத்தோலிக்கருக்கோ பேராயர் என்பது உயர்மறைமாவட்டத்தின் தலைவர். விகாரைச் சரியாக மொழிபெயர்த்துவிட்டு, அவர் யாருக்குப் பதிலாளோ அவரைத் தவறாக மொழிபெயர்த்தால் உழைப்பு வீணாகிவிடும்.

பெயர்ச்சொல்லில் பாலும் கவனத்துக்கு உரியது. 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்கள் குருப்பட்டம் பெற்றதிலிருந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் விகார் பெண்ணாகவும் இருக்கலாம்; பால் தெரியாத இடத்தில் ‘அவர்’ என்று எழுதுவதும், ‘தந்தை’ என்ற சொல்லைத் தவிர்ப்பதும் முறை. அவருக்குக் கடிதம் அனுப்பும்போது உறையின் மேல் ‘தி ரெவரெண்ட்’ என்பதை அடுத்து முழுப்பெயரை எழுதுகிறார்கள். அடைமொழியோடு குடும்பப் பெயரை மட்டும் சேர்ப்பதை மரபறிந்தவர்கள் பிழையாகவே கொள்கிறார்கள். உள்ளே விளிக்கும்போது ‘விகார் அவர்களுக்கு’ என்று தொடங்கினால் போதும்.